விசுவாசம் என்றால் டிஆர்பிடிதான்

டிஆர்பிடி மாதிரி விசுவாசமான மென்பொருளைப் பார்ப்பது அரிது. 2010-இல் லினக்ஸ் கெர்னலின் 2.6.33 பதிப்பிலேயே இடம்பிடித்த பெருமை அதற்கு உண்டு. ஒரு சர்வரின் டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொரு பிளாக்கையும் நெட்வொர்க் வழியாக இன்னொரு சர்வரிலும் எழுதிவிடும். ஏன், எதற்கு என்று கேட்காது. சம்பளக் கணக்கு இருந்த ஃபோல்டரை யாரோ கைதவறி அழித்தால், அங்கேயும் உடனே அழித்துவிடும். ரான்சம்வேர் பூட்டிய ஃபைலையும் அதே சிரத்தையோடு, ஒரு பிட் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். இத்தனை நேர்மையை நம்பித்தான், தனியாக பேக்கப் எதற்கு என்று அந்தச் செலவையே மிச்சம் பிடிக்கும் நிர்வாகங்கள் இருக்கின்றன.

அதன் வேகத்தையும் பாராட்ட வேண்டும். 'புரோட்டோகால் ஏ' என்று அமைத்துவிட்டால், தரவு இந்த டிஸ்க்கில் பதிந்து, அனுப்பும் பஃபரில் ஏறியதுமே வேலை முடிந்தது என்று அப்ளிகேஷனுக்குச் சொல்லிவிடும். அந்த நொடியில் சர்வர் விழுந்தால் மறுமுனைக்குப் போய்ச்சேராதது போனதுதான். ஆனாலும் வேகத்தில் குறை சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட உயர்ந்தது அதன் அடக்கம். நடுவில் நெட்வொர்க் அறுந்து, இரண்டு சர்வரும் தானே முதன்மைச் சர்வர் (பிரைமரி) என்று ஆளுக்கொரு பக்கம் ஆர்டர்களை வாங்கி எழுதிவிடுகின்றன என்று வையுங்கள். இணைப்பு திரும்பியதும் டிஆர்பிடி அதைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்து, கெர்னல் லாகில் 'ஸ்பிளிட் பிரெயின்' என்று ஒரு வரி எழுதி, இணைப்பைத் துண்டித்துக்கொண்டு ஒதுங்கிவிடும். மெயில் அனுப்பும் ஹேண்ட்லரை நாமே அமைத்துவைக்காவிட்டால் யார் தூக்கத்தையும் கெடுக்காது. எந்தப் பக்கத்து ஆர்டர்கள் வாழ வேண்டும், எவை சாக வேண்டும் என்ற முடிவைக்கூடத் தான் எடுக்காது. தரவு யாருடையது என்றே அறியாத இரவு ஷிஃப்ட் இளைஞனிடம் அதை மரியாதையோடு ஒப்படைத்துவிடும்.

இந்தப் பிளவு எவ்வளவு சிக்கனமானது என்பதை கிட்ஹப்பில் பார்த்தோம். அங்கே இருந்தது வேறு மென்பொருள், மைஎஸ்கியூஎல். 2018 அக்டோபர் 21 அன்று 43 விநாடிதான் இணைப்பு அறுந்தது. அமெரிக்காவின் இரு கரைகளிலும் இருந்த தரவுத்தளங்களில், ஒன்றிடம் இல்லாத தரவு மற்றதிடம் சேர்ந்துவிட, சேவை சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

இரண்டு பிரதியும் ஒன்றுதானா என்று ஒப்பிடும் வசதியும் டிஆர்பிடியில் உண்டு. கேட்டால் ஒப்பிடும். வேறுபட்ட பிளாக்குகளைக் குறித்துக்கொள்ளும். தானாகத் திருத்திவிடாது; நாமே சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருக்கும்.

இவை எல்லாமே அறிந்த சிக்கல்கள். இரு பக்கமும் பிரைமரியாவதைத் தடுக்கும் ஃபென்சிங்கைப் போடு, ஹேண்ட்லரை அமை, ஒப்பீட்டைக் கிரானில் குறித்த நேரத்தில் தானாக ஓடவிடு என்று கையேடு சொல்கிறது. அதன் ஒரு வரியைக்கூடக் கலைக்காமல் அப்படியே விட்டுவைத்து, டெண்டரில் மட்டும் 'இரட்டைப் பாதுகாப்பு' என்று கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார்களே, அவர்களுடைய நம்பிக்கையின் முன்னால் டிஆர்பிடியின் விசுவாசம்கூடக் கொஞ்சம் குறைவுதான்.