கோப்பைக்குள் ஒரு மூக்கு

மும்பையின் செம்பூர், முலுண்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு புது ரகம் முளைத்திருக்கிறது: ஒயின் ரசிகர். நாற்பதைத் தாண்டியவர். ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். இவரைக் குடிப்பவர் என்று சொல்லிவிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். பீர்க்காரன் குடிக்கிறான், விஸ்கிக்காரன் அடிக்கிறான், இவர் மட்டும் ‘டேஸ்ட்’ பண்ணுகிறார்.

பிள்ளை பள்ளிக்கூடக் கேம்ப்புக்குப் போகிற சனி, ஞாயிறாகப் பார்த்து மனைவியோடு நாசிக் கிளம்புவது இவர் வழக்கம். இரண்டு வாரம் முன்பே யூடியூபில் பாடம் ஆரம்பமாகிவிடும். கோப்பையைத் தண்டில் பிடிக்க வேண்டும், வயிற்றில் பிடிக்கக் கூடாது. சுழற்ற வேண்டும், சிந்தக் கூடாது. வீட்டில் தண்டு வைத்த கோப்பை இல்லாததால் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிப் பழகுவார். டைனிங் டேபிளைத் துடைப்பது மனைவியின் பங்கு.

அடுத்த கட்டம், கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன்.

“அம்மா, இந்த சனிக்கிழமை திரியம்பகேஸ்வரர் தரிசனத்துக்குப் போறோம்.”

“ஜோதிர்லிங்கமாச்சேடா! எனக்கும் சேர்த்து வேண்டிக்கோ. பிரசாதம் வாங்கி வை.”

இது பொய்யில் சேராது. திரியம்பகேஸ்வரர் கோயில் நாசிக்கிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். நடுவில் எங்கெங்கே வண்டி நிற்கும் என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. இதில் வேடிக்கை, இவர் போகிற சூலா ஒயினரிக்கு அந்தப் பெயர் வந்ததே நிறுவனர் ராஜீவ் சாமந்தின் அம்மா சுலபாவால்தான். அமெரிக்காவில் பார்த்த வேலையை விட்டுத் திரும்பி வந்து 1999-ல் ஒயினரி தொடங்கிய அந்த மகன், அம்மா பெயரை பாட்டிலிலேயே ஒட்டிவிட்டார். நம்மவர் அம்மாவுக்குத் தெரியாமல் அந்த பாட்டிலைத் தேடிப் போகிறார்.

மும்பையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். பின் சீட்டில் புளியோதரை, தயிர்சாதம், மோர்மிளகாய். கசாரா மலைப்பாதையில் வண்டி ஏறும்போது சொற்பொழிவும் ஏறுகிறது.

“ஐரோப்பாவுல செப்டம்பர், அக்டோபர்ல திராட்சை பறிப்பாங்க. இங்க ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும். குளிர்காலத்துலதான் இங்க பழம் நிதானமா பழுக்கும். புரியுதாம்மா?”

“புரியுதுப்பா. ஃபாஸ்டேக்ல பணம் இருக்கா?”

கங்காபூர் அணைப் பக்கம், கொடி வரிசைகளுக்கு நடுவே ஒயினரி. வாசலில் சூலாவின் சின்னமான மீசை வைத்த சூரியன் சிரிக்கிறான். அவனோடு நாலு செல்ஃபி எடுத்தாயிற்று. உள்ளே நீளமான மேஜை முன்னால் எல்லோரையும் நிறுத்தி, ஓர் இளைஞன் பாடம் நடத்துகிறான்: பார்க்கணும், சுழற்றணும், முகரணும், அப்புறம்தான் வாயில் வைக்கணும். ராமாயணப்படி இதே நாசிக்கின் பஞ்சவடியில்தான் சூர்ப்பணகை மூக்கை இழந்தாள். அந்த முன்னனுபவம் எதையும் பொருட்படுத்தாமல் நம்மவர் மூக்குக் கண்ணாடி வரைக்கும் கோப்பைக்குள் இறக்குகிறார்.

முதலில் வந்தது சாவிஞான் பிளாங்க், வெள்ளை ஒயின். நம்மவர் கண்ணை மூடி, தலையை மேலும் கீழும் ஆட்டி, “ஓக் வாசனை நல்லா தெரியுது” என்றார்.

“சார், இது ஸ்டீல் டேங்க்ல தயாரானது. ஓக் பீப்பாயைப் பார்த்ததே இல்லை” என்றான் இளைஞன், மரியாதை குறையாமல்.

மனைவி லேசாக முகர்ந்துவிட்டு, “குடைமிளகாய் நறுக்கற வாசனை வருதே” என்றார். நம்மவர் முழங்கையால் இடித்தார், மானம் போகிறதே என்று. இளைஞனுக்கோ முகமெல்லாம் பல். சரியாகச் சொன்னீர்கள் மேடம், குடைமிளகாய்க்கு அந்த வாசனையைக் கொடுக்கிற பைரசின் என்ற பொருள்தான் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது என்று விளக்கினான். அடுத்து வந்த சிவப்பு ஷிராஸை முகர்ந்து மனைவி, “மிளகு ரசம்” என்றார். அதுவும் சரி. மிளகின் நெடிக்குக் காரணமான ரோட்டண்டோன் ஷிராஸ் திராட்சைத் தோலிலும் உண்டு. இத்தனை வருஷம் காய் நறுக்கி, ரசம் கொதிக்கவிட்ட மூக்குக்கு யூடியூப் தேவைப்படவில்லை.

மேஜை ஓரத்தில் துப்புவதற்கென்று ஒரு பாத்திரம் இருந்தது. வாயில் வைத்தது மனைவிக்குப் பிடிக்கவில்லை. நேரே போய்த் துப்பினார். அதைப் பார்த்ததும், “மேடம் இந்தத் தொழில்லயே இருக்கீங்களா?” என்று இளைஞன் கேட்டுவிட்டான். ஒயினைச் சோதிக்கிற நிபுணர்கள் விழுங்குவதில்லை, துப்பித்தான் விடுவார்கள். காசு கொடுத்து வாங்கியதைத் துப்புகிற அளவுக்கு நம்மவர் இன்னும் நிபுணராகவில்லை. தன் கோப்பையை முடித்து, மனைவி மிச்சம் வைத்ததையும் முடித்தார். அதோடு கார் சாவி கை மாறியது.

மதியம் தோட்டத்து உணவகத்தில் பாஸ்தா, பக்கத்தில் தாயக்கட்டை அளவில் சீஸ் துண்டுகள். எந்த சீஸுக்கு எந்த ஒயின் என்று நம்மவர் பெரிய உரையே நிகழ்த்தினார். பில் வந்ததும் உரை நின்றது. வயிறு மட்டும் காலியாகவே இருந்தது. சாயங்காலம் மனைவி ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திய இடம் விறகடுப்பு மிசள் கடை. முளைகட்டிய நரிப்பயறு, மேலே ஃபர்சாண், வெங்காயம், எலுமிச்சை, தனிக் கிண்ணத்தில் எண்ணெய் மிதக்கும் சிவப்பு ரஸ்ஸா, கூடவே பாவ், அப்பளம், தயிர்.

இங்கேதான் நம்மவருக்குச் சொந்த நாக்கு திரும்பியது. மூக்கில் வியர்க்க, கண்ணில் நீர் வழிய, “கல்பாசி ஒரு சிட்டிகை தூக்கலா இருக்கும்மா. கொப்பரையைக் கருக வறுத்துப் போட்டிருக்கான்” என்றார். சரியான தீர்ப்பு. இவர் நாக்கு சாதாரண நாக்கு இல்லை. பில்டர் காபியை ஒரு மிடறு குடித்துவிட்டு சிக்கரி இருபதா முப்பதா என்று சொல்லக்கூடியது. அதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு யூடியூப்காரன் நாக்கை மாட்டிக்கொண்டு வந்ததுதான் கோளாறு. இன்னும் இரண்டு பாவ் வாங்கி ரஸ்ஸாவைத் துடைத்துச் சாப்பிட்டார். செல்ஃபி எடுக்க மறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன சொல் தவறாமல் திரியம்பகம். இரண்டரை மணி நேர வரிசை. கருவறைக் குழிக்குள் பிரம்மா, விஷ்ணு, சிவனாகக் கட்டைவிரல் அளவில் மூன்று லிங்கங்கள். தரிசனம் என்னவோ அரை நிமிஷம்தான். கோபுரத்தை மட்டும் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினார். பிரசாதத்தோடு கொண்டாஜி சிவ்டாவும் நாலு பாக்கெட் வாங்கியாயிற்று. டிக்கியில் ஆறு பாட்டில், மேலே பெட்ஷீட்.

அந்த ஆறில் ஒன்றை வந்த அன்றே திறந்தார். இரண்டு கிளாஸ் போக மீதியை மூடி, ஃப்ரிட்ஜ் கதவில், இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். திறந்த ஒயின் நாலைந்து நாள் தாங்கினால் அதிகம். அது அங்கேயே மூன்று மாதம் இருந்தது. பிறகு ஆபீஸ் நண்பர்கள் தம்பதி சமேதராகச் சாப்பிட வந்த ஓர் இரவு அதை எடுத்து, எல்லோருக்கும் ஊற்றி, சுழற்றச் சொல்லிக் கொடுத்தார்.

“வாவ், ஆசிடிட்டி பிரமாதம்!” என்றார் ஒருவர்.

“ஃபினிஷ் ரொம்ப நேரம் நிக்குது” என்றார் இன்னொருவர். அவரும் யூடியூப் பார்ப்பவர்தான்.

மனைவி ஒரு வாய் வைத்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். “இது வினிகர்ப்பா. நாளைக்கு வெங்காய ஊறுகாய்க்கு ஆகும், மிச்சம் வைங்க” என்றார்.

யாரும் மிச்சம் வைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மூன்று கார்கள் நாசிக் கிளம்பின. மூன்று வீட்டு அம்மாக்களுக்கும் திரியம்பகேஸ்வரர் பிரசாதம் நிச்சயம்.