ஏழு பேர்ச் காதல்

வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிற வட்டவளையில் இரகசியமாகக் காதல் செய்வது எத்துணை சிரமசாத்தியமான காரியம் என்பதை, கொழும்பில் இருந்துகொண்டு இக்காலத்து இளைஞர்களுக்குப் புத்திமதி சொல்லும் பெரியோர்கள் அறிய நியாயமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வந்து குந்திவிட்டால், லயத்துத் தகரக் கூரையின்மேல் விழுகிற மழையின் பேரோசையில், போனில் காதோடு காதாகச் சொல்லவேண்டிய வார்த்தைகளையும் எதிர் மலையில் நிற்கிற கங்காணியைக் கூப்பிடுகிற தொனியிலேயே சொல்லவேண்டியிருக்கிறது. அப்படிச் சொன்னபின் அந்தச் சம்பாஷணை லயம் முழுவதற்கும் பொதுச் சொத்தாகிவிடுகிறது. கொழும்பிலே ஒரு புடைவைக் கடையில் வேலை பார்த்து, சென்ற ஆனி மாதத்தில் லீவுக்கு வந்திருந்த என் தம்பி மகள், "சாப்பிட்டாச்சா?" என்று போனில் யாரையோ கேட்க, பக்கத்துக் காம்பராக் கிழவி தன்னைத்தான் கேட்கிறாள் என்றெண்ணி, "இன்னும் இல்ல புள்ள, இப்பத்தான் ரொட்டி சுடுறேன்" என்று பதில் சொன்னதை நானே கேட்டேன்.

இந்தச் சாப்பாட்டு விசாரணை மூன்று வருஷங்களாக நடைபெற்று வருகிறதென்றும், விவாகத்தைப் பற்றிய பிரஸ்தாபமே அதில் வரவில்லையென்றும் என் தம்பிக்குப் பெருங்கவலை. இக்காலத்துப் பிள்ளைகளுக்குக் காதலில் உறுதியில்லை, கல்யாணத்தில் பற்றில்லை என்பது அவனுடைய சித்தாந்தம். அவனுடைய கல்யாணமோ, எங்கள் தகப்பனாரும் பெண்ணின் தாய்மாமனும் ஒரு சம்பள நாளன்று மாலையில் பேசி முடித்தது. அதில் மாப்பிள்ளை செய்த ஒரே காரியம் முடி வெட்டிக்கொண்டதுதான்.

அக்காலத்தில் தாமாகவே காதலித்தவர்களும் இருந்தார்கள். ஆனால், 1964 ஒக்டோபர் 30ஆந் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் மலையக ஜனங்களைப் பங்கிட்டபோது, எந்தக் காதலரையும் கலந்தாலோசித்ததாகத் தெரியவில்லை. தேயிலைச் செடியைச் சாட்சி வைத்து ஏழேழு ஜன்மத்துக்கும் சத்தியம் செய்தவர்களில், அவன் வீட்டார் இந்தியாவுக்கும் அவள் வீட்டார் இலங்கைக்கும் மனுப் போட்டிருந்தால், அந்தச் சத்தியம் அட்டன் ஸ்டேஷன் வரைக்குந்தான் செல்லுபடியாயிற்று. அதற்கப்பால் தலைமன்னாருக்குப் போன ரயிலை எங்கள் ஜனங்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். அவர்களுடைய உறுதியில் என்ன குறை கண்டுபிடிப்பது?

நிற்க. மகளிடம் பக்குவமாகப் பேசி உண்மையை அறிந்து வரும்படி, விவாகமே செய்துகொள்ளாத என்னை என் தம்பி அனுப்பினான்.

"பெரியப்பா, கல்யாணம் என்ன ஓடியா போகுது? பத்தடிக்குப் பன்னெண்டடிக் காம்பராவுல அவங்க வீட்டுல ஏற்கெனவே ஆறு பேரு. நான் ஏழாவதாப் போயி எங்க நிக்கிறது? ஏழு பேர்ச் காணியில தனி வீடு வரட்டும், அப்புறம் தாலியப் பத்தி யோசிப்போம்" என்றாள்.

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்து, மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது எழுந்த கரகோஷத்தில், காதலர்களுடைய கைகள் மற்றவர்களுடையதைவிடப் பலமாகத் தட்டியிருக்கும் என்பது என் அனுமானம். அறிவிப்புக்கும் அத்திவாரத்துக்கும் இடையே உள்ள தூரம் இந்நாட்டில் எவ்வளவு என்பது யாவருக்கும் தெரிந்ததே. அத்தூரம் முழுவதையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே நடந்து கடக்கத் துணிகிற பிள்ளைகளிடம் நீடித்த பந்தத்தில் நம்பிக்கை இல்லையென்று சொல்ல, எனக்கு வாய் வரவில்லை. அரசாங்க வீட்டை நம்பிக் காத்திருப்பதைப் பார்க்கிலும் பெரிய தபசு வேறென்ன இருக்கிறது?

தபசு என்றதும் காமன் கூத்து ஞாபகத்துக்கு வருகிறது. மாசி மாதத்தில் காமன் ஊன்றி, தப்பு முழங்க ரதிக்கும் மன்மதனுக்கும் விவாகம் செய்து வைத்து, கையோடு, சிவபெருமானுடைய தபசைக் கலைக்கப் போன மாப்பிள்ளையை அவருடைய நெற்றிக்கண்ணால் சாம்பலாக்கி, பிற்பாடு ரதியின் கண்ணுக்கு மாத்திரம் தெரியும்படி உயிர்ப்பிக்கிற ஜனங்களுக்குக் காதலின் கஷ்டநஷ்டங்களை யாரும் போதிக்கவேண்டியதில்லை. ஒருத்தி கண்ணுக்கு மாத்திரம் தெரிகிற புருஷன் என்பது வெறும் புராணக் கற்பனை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். வீடியோ கோல் வந்ததும் என் தம்பி மகள் போனைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு தனக்குள் சிரிப்பதைப் பார்த்தபின் அந்த அபிப்பிராயத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பையன் தோட்டத்தின் கீழ்க்கணக்கைச் சேர்ந்தவனாம். வருகிற மாசிக்கு ஊர் வந்து ரதி வேஷம் கட்டப்போகிறானாம். ரதியாக ஆண்பிள்ளையே ஆடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"சிவனோட தவத்தக் கலைக்கப் போகாதீங்கன்னு ரதி புருசன்கிட்ட அழுவுற இடம் இருக்குல்ல, பெரியப்பா? அங்க அவன் எப்படி அழுவுறான்னு பாத்துட்டுத்தான் மத்ததப் பேசணும்" என்றாள் தம்பி மகள்.

இதை அப்படியே என் தம்பியிடம் ஒப்புவித்தேன். அவன் சற்று நேரம் யோசித்துவிட்டு, உள்ளே போய் ஆயிரம் ரூபாத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து, கூத்துச் செலவுக்கு வைத்துக்கொள்ளும்படி கீழ்க்கணக்குக்குக் கொடுத்தனுப்பினான்.