தீவு பார்க்கப் போற தொரைங்களுக்கு

இன்னா நைனா, குருவா தீவுக்குப் போறீங்களாமே? தினமும் உங்க பிளாட் வாசல்ல அட்டைப்பெட்டியா வந்து இறங்கறதைப் பார்த்து, எவனுக்கோ கல்யாணம்னு நெனச்சேன். வாட்ச்மேன்தான் சொன்னான், எல்லாம் காட்டுல நடக்கறதுக்கான சாமானாம். நீங்க குடியிருக்கற இடம் எங்க அப்பன் நெல்லு போட்ட கழனி. மனை பிரிச்சு வித்தவன் நான். உங்களுக்குப் புத்தி சொல்ற பாத்தியதையை மட்டும் நான் விக்கல. உக்காருங்க.

முதல்ல ஒரு சந்தேகம். ஆத்துக்கு நடுவுல தீவு பார்க்க ஊரப்பாக்கத்துக்காரன் வயநாடு வரைக்கும் எதுக்குப் போவணும்? இதோ இருக்கற ஆதனூர் பக்கத்துலேந்துதானே அடையாறு கிளம்புது? 2015 டிசம்பர் முதல் வாரம் வந்திருந்தீங்கன்னா, முடிச்சூர்லயும் வரதராஜபுரத்துலயும் வீட்டுக்கு வீடு தீவு. தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை. மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கத்திப் பேசிக்கினு கெடந்தாங்க. படகு வந்து ஏத்திக்கினு போச்சு, அதுக்கு டிக்கெட்டும் கிடையாது. அதே அடையாறு கடல்ல கலக்கற இடத்துக்குக் கிட்ட குயிபிள் தீவுன்னு நெஜமாவே ஒண்ணு கீது. ஆனா அங்க காடு இல்ல, கல்லறையும் அடுக்குமாடியும்தான். அடுக்குமாடி உங்களுக்கு இங்கயே இருக்குது. கல்லறைக்கு இன்னும் வயசு ஆவல. அதனால குருவாவுக்கே போங்க.

அந்தப் பக்கம் எனக்குக் கொஞ்சம் பழக்கம். கொத்தவால்சாவடி இருந்த காலத்துல லாரியில கிளீனரா இஞ்சி லோடு ஏத்த மானந்தவாடிக்குப் போயிருக்கேன். மானந்தவாடி ஆறும் பனமரம் ஆறும் சேர்ந்தா கபினி. கேரளாவுல எந்த ஆத்தைக் கேட்டாலும் அரபிக்கடலுக்குப் போறேன்னு மேற்கால வழி காட்டும். கபினி, பவானி, பாம்பாறு, இந்த மூணு மட்டும் அடம் புடிச்சுக் கிழக்கே ஓடும். அதுல கபினி பாறையில முட்டி, கிளை கிளையாப் பிரிஞ்சு, மறுபடியும் ஒண்ணாச் சேருது பாரு, அந்த இடுக்குல மாட்டின நிலம்தான் குருவா. சுமார் 950 ஏக்கர். மூங்கில், வானத்தை மறைக்கிற மரம், மனுசன் குடியிருப்பு கிடையாது. ஒரே தீவுன்னும் நெனச்சிடாதீங்க, துண்டு துண்டாப் பல திட்டு. கரையிலேந்து மூங்கில் தெப்பத்துல போய் இறங்கினா, திட்டுக்கும் திட்டுக்கும் நடுவுல தண்ணியிலதான் கால் வைக்கணும்.

பரப்புன்னு பார்த்தா நம்ம வண்டலூர் ஜூவை விடச் சின்னதுதான். ஜூ 600 ஹெக்டேரைத் தாண்டும். ஒரு வித்தியாசம் இருக்குது. ஜூவுல கம்பிக்கு அந்தாண்ட மிருகம், இந்தாண்ட நீங்க. குருவாவுல கம்பி போட யாருக்கும் தோணல.

அதனால உங்க பாட்டுப் பொட்டியை மறக்காம எடுத்துக்கினு போங்க. நல்லா சத்தமா வைங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு தேடி யானைங்க வீணா அலையக் கூடாது பாருங்க. வாசனைத் தண்ணியும் அடிச்சிக்கோங்க, இருட்டுலயும் அடையாளம் தெரியும். அந்தப் பறக்குற கேமராவும் வேணும். காட்டுக்கு மேல விட்டா வனத்துறை அதையும் வாங்கி வச்சிக்கும், உங்களையும் உக்கார வச்சிக்கும். அப்படியாவது ஒரு பகல் பூரா காட்டுல இருந்த மாதிரி ஆச்சு.

சிரிக்காதடா. 2024 பிப்ரவரியில, அந்தத் தீவுச் சுற்றுலாவுல வேலை பார்த்துக்கினு இருந்த ஆளையே யானை அடிச்சுக் கொன்னுடுச்சு. அந்த ஊரே அவரு ஊரு, அந்தக் காடே அவரு காடு. அப்புறம் பல மாசம் தீவு மூடிக் கெடந்துது, அக்டோபர்லதான் தொறந்தாங்க. இப்போ ஒரு நாளைக்கு இத்தனை பேருன்னு எண்ணித்தான் விடறாங்க. உங்களுக்கு டிக்கெட் கிடைக்கலன்னா கவுண்டர்ல போய் கத்தாதீங்க. எண்ணி உள்ள விடறவனுக்குத்தான், எண்ணி வெளிய அனுப்பவும் தெரியும்.

இன்னொண்ணு, மழைக்காலத்துல தீவைச் சாத்திடுவாங்க. ஜூலையில லீவு சேர்ந்தாப்புல வருதுன்னு எவனோ சொன்னானாம். உங்க மேனேஜர் லீவு கொடுத்ததைக் கபினிக்கு யாரும் சொல்லி அனுப்பல.

சரி, யாரு முன்னாடி நடக்கறதுன்னு பேசினீங்களா? எனக்குத் தெரியும், ஃபோன்ல வரைபடம் வச்சிருக்கறவன்தான் தலைவன். அவனை நடுவுல விடுங்க. பாறையில கால் வைக்கிறப்போ அவன் கண்ணு திரையில இருக்கும். வீரன் ஒருத்தன் இருப்பானே, எதுக்கும் பயப்படாதவன், அவனைக் கடைசியில விடுங்க. அவன் என்ன பண்றான்னு யாரும் பார்க்கலன்னா பாதி வீரம் தானாவே அடங்கிடும். உங்க கூட்டத்துல ஒரு பயந்தாங்கொள்ளி இருப்பான், அவனை முன்னாடி விடுங்க. பயந்தவனுக்குத்தான் காது வேலை செய்யும். மூங்கில் ஒடியற சத்தத்தை முதல்ல கேக்கறவன் அவன்தான். அவன் நின்னா எல்லாரும் நில்லுங்க. ஒண்ணுமே இல்லாம அவன் நின்னிருந்தாலும் பரவாயில்ல, கொஞ்ச நேரம் சும்மா நின்னதால காட்டுல யாருக்கும் கேடு வந்ததில்ல. அந்தச் சுத்துவட்டாரத்துல பணியர், அடியர், காட்டுநாயக்கர்னு பழைய குடிங்க உண்டு. அந்த மண்ணுல பொறந்த ஆளு யாராவது வழிகாட்டியா வந்தா, உங்க பயந்தாங்கொள்ளிக்கும் முன்னாடி அவரை விட்டுட்டு வாயை மூடிக்கினு நடங்க.

தண்ணியில இறங்கற சங்கதிதான் முக்கியம். இங்க கொஞ்சம் விளையாட்டை விட்டுட்டுப் பேசறேன்.

ஆத்துக் கல்லு பார்க்க அழகா உருண்டையா இருக்கும். அதை அப்படி உருட்டினது எதுன்னு யோசிச்சா கால் தானா நிதானமாயிடும். மேல பாசி, அடியில ஆட்டம். கையில ஒரு கழி வேணும், அதை நீரோட்டம் வர்ற பக்கம் ஊனணும். முகம் மேல்பக்கம், உடம்பு கொஞ்சம் முன்னால சாய்ஞ்சு, ஒரு கால் நல்லா நின்னப்புறம்தான் அடுத்த கால். கயித்தை இடுப்புல கட்டிக்கினு இறங்காதீங்க. ஒருத்தன் வழுக்கினா, கட்டினதால இன்னொருத்தனும் போவான், கயிறு கல்லுல சிக்கினா எழுந்திருக்கவும் விடாது. கயித்தைக் கையில புடி, வேணாம்னா விடலாம். தோள் பையோட வாரையும் தளர்த்தி வை. பை போனா போவட்டும், உள்ள இருக்கறது மாத்து ஜட்டியும் பவர்பேங்க்கும்தானே.

திட்டுல ஏறினதும் தண்ணி ஓரத்துல ஒரு குச்சியை நட்டு வைங்க. சாப்பிடுங்க, படுங்க, போட்டோ எடுத்துக்கோங்க, ஆனா நடு நடுவுல குச்சியை எட்டிப் பாருங்க. உங்க தலைக்கு மேல வெயில் அடிக்கும், மேகமே இருக்காது. அங்க மலைமேல பெஞ்சிருக்கும். குச்சியில தண்ணி ஏறினாலும், தெளிவா ஓடின தண்ணி டீ மாதிரி கலங்கினாலும், சருகும் சுள்ளியும் நுரையும் திடீர்னு கூட்டமா வந்தாலும், ஆத்துச் சத்தம் கொஞ்சம் தடிச்ச மாதிரி காதுக்குத் தோணினாலும், சோத்துப் பொட்டலத்தை அப்படியே வச்சிட்டுக் கரையேறுங்க. ‘இன்னும் ஒரே ஒரு போட்டோ’ன்னு ஒருத்தன் சொல்லுவான். அவனை விட்டுட்டு வரச் சொல்ல மாட்டேன், காதைப் புடிச்சு இழுத்துக்கினு வாங்க.

அட்டை கடிச்சா அலறாதீங்க. புடுங்கவும் வேணாம், நெருப்பும் வேணாம். வாய் ஒட்டின இடத்துல நகத்தைக் கொடுத்துப் பக்கவாட்டுல தள்ளினா விட்டுடும். அது குடிக்கிற ரத்தம், நீங்க மனைக்கு மாசா மாசம் கட்டற தவணையை விடக் கம்மி.

சரக்கா? பாட்டில் எடுத்துக்கினு போறதா இருந்தா ஒண்ணு பண்ணுங்க. அதைக் குடிச்சு முடிச்சிட்டு இங்கயே படுத்துடுங்க, பஸ் காசு மிச்சம். ஆத்துக்குப் போதை புடிக்காது, அது ஏற்கனவே ஆடிக்கினுதான் இருக்குது.

குருவாவைத் தாண்டின தண்ணி எங்க போவுதுன்னு தெரியுமா? கர்நாடகாவுல கபினி அணையில தங்கி, திருமகூடலு நரசிபுரத்துல காவிரியில சேர்ந்து, சிவனசமுத்திரம் தாண்டி, மேட்டூருக்கு வந்து, முக்கொம்புல பிரிஞ்சு ஸ்ரீரங்கத்தைச் சுத்திப் போவுது. வயநாட்டுல மழைன்னா மேட்டூர்ல 120 அடியை எண்ணிக்கினு உக்காந்திருப்பாங்க. 2018 ஆகஸ்ட்ல அந்த வெள்ளம் வந்தப்போ முக்கொம்புல கொள்ளிடத்து மேலணை மதகு ஒம்பதை அடிச்சுக்கினு போச்சு. 1836-ல ஆர்தர் காட்டன் கட்டினது. அவ்வளவு காலம் பொறுத்த கல்லே போச்சு, நீங்க உங்க புது ஷூவோட அடிப்பாகத்துல இன்னா இன்னா புடிமானம் இருக்குதுன்னு எனக்குக் காட்டிக்கினு இருக்கீங்க.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. காவிரியில ஸ்ரீரங்கப்பட்டணம், சிவனசமுத்திரம், ஸ்ரீரங்கம்னு மூணு தீவுலயும் ரங்கநாதர்தான். ஆதிரங்கம், மத்தியரங்கம், அந்தியரங்கம்னு சொல்லுவாங்க. பெருமாளே தீவுன்னா போய்ப் படுத்துக்கினாரு. சுத்திப் பார்க்கறேன்னு ஓடல. உங்களுக்குத்தான் இருக்கற ஒரே நாள்ல எல்லாத் திட்டையும் மிதிச்சாகணும். ஒரு திட்டுல நாள் பூரா உக்காந்திருந்தா மீன்கொத்தி வரும், ஆத்துக்கு நடுவுல பாறை எப்படித் தண்ணியைப் பிரிக்குது, பிரிஞ்ச இடத்துல மண்ணு எப்படித் தங்குது, தங்கின மண்ணை எந்த வேர் புடிச்சிக்கினு இருக்குதுன்னு கண்ணால பார்க்கலாம். அதைப் பார்த்துட்டு வந்தா நம்ம ஊர் ஏரி வாய்க்காலுக்கு மேல ஏன் சுவர் எழுப்பக்கூடாதுன்னு எவனும் உங்களுக்கு வகுப்பு எடுக்க வேணாம். யாரு எழுப்பினான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க, நான் வித்தது கழனி மட்டும்தான்.

பஸ் எங்க, கிளாம்பாக்கமா? கூப்பிடு தூரம். காட்டுல நடக்கறதுக்குன்னே லீவு போட்டவங்க, அங்க போக ஆட்டோ புக் பண்ணிட்டீங்களாமே! நல்லது, ஜிஎஸ்டி ரோட்டைக் கால்நடையாத் தாண்டினவன் அப்புறம் யானையைப் பார்த்தா கும்பிடுதான் போடுவான்.

வரும்போது மானந்தவாடியில கால் கிலோ மிளகு வாங்கிக்கினு வாங்க. நல்ல காரமானதா. காசு நீங்க திரும்பி வந்தப்புறம்தான். முன்பணம் கேட்டுக்கினு நிக்காதீங்க, இவ்வளவு நேரம் பேசினதுல எத்தனை பேருக்குக் காது இருந்துதுன்னு எனக்கு இன்னும் தெரியல.