பாதத்தடியில் பாஸ்கல்

மனுஷன் தரையை எவ்வளவு அழுத்துகிறான் என்று கண்டுபிடித்து வரச் சொல்லி மகளுக்கு வீட்டுப்பாடம். எந்த மனுஷன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை. வீட்டில் இத்தனை பேர் இருக்க, எல்லாக் கண்ணும் என் தொப்பையில் வந்துதான் நின்றது.

முதலில் எடை. எங்கள் வீட்டு எடைமேடையில் நான் ஏறினால் மட்டும் முள் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் தெருமுனை அரிசிக்கடைக்குப் போய் மூட்டைத் தராசில் ஏறினேன். 78 கிலோ. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "மூணு சிப்பம், மேல மூணு கிலோ சார்" என்றார். பக்கத்தில் நின்ற அம்மாள் புதுசா, பழசா என்று கேட்காததுதான் பாக்கி.

அதை 9.8-ஆல் பெருக்கினால் 764.4 நியூட்டன். அடுத்து, பாதத்தின் பரப்பு. கிராஃப் தாளில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தால் ஆச்சு என்றேன். "உள்ளங்கால் குழிவு தரையில படாதேப்பா" என்றாள். சரியென்று குங்குமத் தண்ணீரில் காலை நனைத்துப் பதித்தேன். குழிவாவது ஒன்றாவது! தோசைக்கல் மாதிரி முழுசாக விழுந்திருந்தது. தாளைத் தாண்டிக் கூடத்திலும் நாலு சுவடு. மாமியார் குனிந்து பார்த்துவிட்டு, "கோகுலாஷ்டமிக்கு இன்னும் நாள் இருக்கே மாப்பிள்ளை. கிருஷ்ணருக்கு இவ்வளவு பெரிய காலா?" என்றார்.

முழுக் கட்டத்தையும் பாதிக்கு மேல் நிறைந்த கட்டத்தையும் எண்ணிக்கொள்ள வேண்டும், பாதிக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும். ஒரு காலுக்கு 160 சதுர சென்டிமீட்டர், இரண்டுக்கும் 320. வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 23,900 பாஸ்கல். ஒற்றைக் காலில் நின்றால் இதுவே இரு மடங்கு. நின்றும் காட்டினேன், சுவர் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தேன்.

இருபத்து மூவாயிரம் என்றதும் எனக்குக் கொஞ்சம் மிதப்புத்தான். மகள் விடுவாளா? கடல்மட்டத்தில் காற்று அழுத்துவதே 1,01,325 பாஸ்கலாம். வெறும் காற்றில் கால் பங்குகூட நான் தேறவில்லை! 50 கிலோ பெண் ஒருத்தி ஒரு சதுர சென்டிமீட்டர் குதிகால் செருப்பில் மொத்த எடையையும் போட்டு நின்றால் 49 லட்சம் பாஸ்கல். பந்திக்கு ஓடுகிற அவசரத்தில் என் கட்டைவிரல்மேல் ஏறி நின்ற கல்யாண வீட்டுப் பெண்ணை அப்போதுதான் புரிந்துகொண்டேன். யானையே மிதித்திருக்கலாம், அதற்குப் பாதமாவது அகலம்.

பரப்பு கூடினால் அழுத்தம் குறையும் என்று நிரூபிக்கக் கடைசியாகக் கூடத்தில் நீட்டிப் படுத்தேன். விஞ்ஞானத்துக்காகப் படுத்திருக்கிறேன் என்றால் நம் வீட்டில் யார் நம்புகிறார்கள்!

மகள் நோட்டில் முடிவு எழுதினாள்: "அப்பாவால் தரைக்குப் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை."

என் மனைவி அதை வாங்கிப் படித்தாள். "இதுக்கு எதுக்கு கிராஃப் தாளெல்லாம்? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."