பேருந்து வாசகம் எழுதும் அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: டவுன் பஸ் பயணி, பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு வாசக அதிகாரி அவர்கள், பேருந்துச் சுவர் எழுத்துப் பிரிவு. (அலுவலகம் எங்கே என்று யாருக்கும் தெரியாததால் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பப்படுகிறது.)

பொருள்: புதிய வாசகங்கள் எழுதித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

தமிழ்நாட்டில் உங்களைவிட அதிகம் படிக்கப்பட்ட எழுத்தாளர் கிடையாது. உட்கார இடம் கிடைக்காதவர் உங்களைப் படித்துத்தான் ஆக வேண்டும். "கரம் சிரம் புறம் நீட்டாதீர்." "படியில் பயணம் நொடியில் மரணம்." எதுகை பிசகவில்லை, ஒரு சொல் கூடுதல் இல்லை. பாராட்டி முடித்துவிட்டேன், இனி விண்ணப்பம்.

நீங்கள் எழுதிய அத்தனையும் எங்களுக்கு இட்ட உத்தரவு. நீட்டாதே, நிற்காதே, புகைக்காதே, சில்லறை கொண்டு வா. வண்டி எங்களுக்கு என்ன செய்யும் என்று ஒரு வரியும் காணோம்.

படியையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட நாளில் காலை எட்டரை மணிக்குப் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் தருமபுரி வண்டியில் ஏறிப் பாருங்கள். காலேஜ் பிள்ளைகள், கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொண்டு போகிறவர்கள், பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஏறியானபின் மிஞ்சுவது படி ஒன்றுதான். வெளியூர்க்காரர்கள் இதைப் புளி மூட்டை என்பார்கள். நாங்கள் புளிக்காட்டுக்காரர்கள், அப்படிச் சொல்ல மாட்டோம். புளியைக் கொட்டை எடுத்துத்தான் மூட்டையில் அடைப்போம். எங்களை டிபன் பாக்ஸ், குடை, கைக்குழந்தை சகிதம் அப்படியே அடைக்கிறார்கள். "அடுத்த வண்டி பத்து நிமிடத்தில்" என்று எழுதி, அதன்படி ஒரு வண்டியும் விட்டுப் பாருங்கள். படியில் ஒருவன் நிற்க மாட்டான்.

அடுத்தது சில்லறை. 2018 ஜனவரியில் கட்டணத்தை ஏற்றி, ஊரே கொதித்ததும் கொஞ்சம் இறக்கி, சாதாரண வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா என்று வைத்தார்கள். 25 பைசா நாணயமே 2011 ஜூனோடு செல்லாமல் போயிற்று. இல்லாத காசில் கணக்குப் போட்டுவிட்டு எங்களிடம் "சரியான சில்லறை" கேட்பது உங்களுக்கே நியாயமா? கண்டக்டரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகி, விசிலைப் பல்லில் கடித்தபடி, டிக்கெட்டின் முதுகில் "3" என்று கிறுக்கித் தருகிறார். அந்த மூன்று ரூபாயை இறங்கும்போது கேட்டு வாங்க ஒரு தைரியம் வேண்டும், பின்னால் நிற்பவரின் முழங்கையைத் தாங்க இன்னொரு தைரியம் வேண்டும். "மீதியைக் கேட்பது தவறல்ல" என்று ஒரு வாசகம் இருந்தால் உதவியாக இருக்கும்.

எனக்கு வெள்ளை போர்டு மாட்டிய சாதாரண டவுன் பஸ்ஸில் அந்தக் கவலை இல்லை. 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஜீரோ டிக்கெட். முதல் அறிவிப்பிலேயே இதற்காக 1,200 கோடி ரூபாயை அரசு மானியமாகத் தரும் என்றார்கள். ஆக, எங்கள் டிக்கெட்டுக்கும் காசு உண்டு, கொடுக்கிற கைதான் வேறு. இது பலருக்குப் புரியவில்லை. 2022 செப்டம்பரில் அமைச்சர் பொன்முடியே மேடையில் "ஓசி" என்றார். அதன்பின் கோவைப் பக்கம் ஒரு பாட்டி, ஓசியில் வர மாட்டேன், காசை வாங்கு என்று கண்டக்டரிடம் மல்லுக்கு நின்றது ஊரெல்லாம் ஓடிய வீடியோ. ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் சில வண்டிகளுக்குப் பிரேக் பிடிப்பதில்லை. நூறடி தள்ளி நிற்கும், நாங்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட வேண்டும். கட்டணம்தான் இலவசம், ஓட்டம் எங்கள் செலவு. "இவர்களும் பயணிகளே" என்று எழுதுங்கள். வெளியே வேண்டாம், டிரைவர் கண்ணில் படுகிற இடத்தில்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். பெண்களை முறைத்துப் பார்ப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது, ஜாடை காட்டுவது, பாட்டுப் பாடுவது, படம் எடுப்பது எல்லாம் குற்றம். எச்சரித்தும் கேட்காத ஆளைக் கண்டக்டர் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் போலீசில் ஒப்படைக்க வேண்டும். ஏற்றிவிடுகிறேன் என்ற சாக்கில் கண்டக்டரே கை வைத்தாலும் குற்றம். புகார் புத்தகம் ஒன்று வண்டியில் இருக்க வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும். படிக்கும்போதே கண்ணில் நீர் வந்தது. இத்தனை உரிமை கையில் இருக்க, நாங்கள் ஊக்கை நம்பிக்கொண்டிருந்தோமே! ஊக்கு தெரியுமல்லவா? நெரிசலில் பின்னால் சாய்கிறவனுக்காக இன்றைக்கும் புடவைத் தலைப்பில் தயாராக இருப்பது. அது இரண்டாவது முறை சாயும்போது வேலை செய்யும். உங்கள் விதி அச்சிலேயே இருக்கிறது.

ஒருநாள் புகார் புத்தகம் கேட்டுப் பார்த்தேன். எந்த வண்டி என்று சொல்ல மாட்டேன், அந்த மனிதருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. "எந்தக் கிளாஸ் புக்குமா?" என்றார். குற்றம் அவருடையதல்ல. நீங்கள் சுவரில் எழுதினால்தானே அவருக்கும் தெரியும், சாய்கிறவனுக்கும் தெரியும்? 181 என்று பெண்கள் உதவி எண்ணையும் பக்கத்தில் போடுங்கள். மூன்றே இலக்கம், பெயிண்ட் அதிகம் செலவாகாது.

"கரம் சிரம்" வாசகத்திலும் ஒரு திருத்தம் தேவை. 2024 பிப்ரவரியில் சென்னையில் ஓடும் பேருந்தின் தரைப் பலகை உடைந்து ஒரு பெண்ணின் கால்கள் சாலையில் இறங்கின. ஏப்ரலில் திருச்சியில் வண்டி வளைவில் திரும்ப, கண்டக்டர் சீட்டோடு வெளியே போய் விழுந்தார். நல்லவேளை, இருவரும் பிழைத்தார்கள். இருவரும் எதையும் நீட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். கரத்தையும் சிரத்தையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பாதத்துக்கு அடியில் இருப்பதைப் போக்குவரத்துக் கழகம் பார்த்துக்கொள்ளட்டும்.

பையில் என்ன கொண்டு போகலாம் என்பதும் தெளிவாக இல்லை. குளச்சலில் 2021 டிசம்பரில் மீன் விற்கும் அம்மாவை நாற்றம் என்று இறக்கிவிட்டார்கள். எங்கள் மாவட்டத்திலேயே 2024 பிப்ரவரியில், அரூர்ப் பக்கம், மாட்டிறைச்சி வைத்திருந்த மூதாட்டியை நிறுத்தமில்லாத இடத்தில் இறக்கிவிட்டார்கள். இரண்டு தடவையும் செய்தி வந்தபின் பணியிடை நீக்கம் நடந்தது. பயணியை இறக்குவதற்கு முன்பே படிக்கும்படி ஒரு வரி எழுதி வைத்தால் சஸ்பெண்ட் ஆர்டர் அடிக்கிற வேலை மிச்சம்.

எழுத இடமில்லை என்று பதில் வரும், தெரியும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் திருக்குறளுக்குப் பக்கத்தில் மூலம், பவுத்திரம் வைத்தியர் ஒட்டிய விளம்பரம் ஒன்று இருக்கிறது. அதைக் கிழித்தால் புகார் புத்தக விதி முழுவதும் தாராளமாகப் பிடிக்கும். வள்ளுவரும் ஆட்சேபிக்க மாட்டார்.

இப்படிக்கு,
வெள்ளை போர்டுப் பயணி

நகல்: சாய்கிறவர்களுக்கு.