ரீல்ஸுக்கு ஏற்ற பாம்பு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாம்பு வீடியோ எடுக்க முதலில் பாம்பு வேண்டும் என்று நினைப்பவர் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. முதலில் வேண்டியது தம்ப்நெயில். வாய் பிளந்த உங்கள் முகம் முக்கால் பங்கு, மூலையில் ஒரு சிவப்பு வட்டம், அதை நோக்கி ஓர் அம்புக்குறி, மேலே "அடுத்து நடந்தது என்ன?" இவ்வளவையும் வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். வட்டத்துக்குள் என்ன இருக்கும் என்பதைக் காட்டுக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம்.

அழகான பாம்பில் தொடங்க ஆசை இருந்தால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வால்பாறைப் பக்கமோ, கர்நாடகத்தின் ஆகும்பேக்கோ போகலாம். மலபார் குழிவிரியன் பச்சை, பழுப்பு, மஞ்சள் என ஒரே இனத்திலேயே பல நிறங்களில் கிடைக்கும். ஆனால் தொழில்முறையில் பார்த்தால் அது மோசமான நடிகர். ஒரு கிளையில் படுத்தால் தவளையோ பல்லியோ தானாக வரும்வரை அசையாது. உங்கள் ரசிகரோ மூன்று விநாடிக்கு மேல் எதற்கும் காத்திராதவர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்தான் குச்சியைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். (மழைக்காட்டில் உங்களைக் கடிக்கப்போவது உறுதி என்று சொல்லத்தக்க ஒரே உயிர் அட்டை. அதற்கு வியூ கிடையாது. மூக்குப்பொடியோ உப்போ எடுத்துப் போங்கள்.)

கேமரா விஷயத்தில் சிக்கனமாக இருங்கள். நூறு மில்லிமீட்டர் மேக்ரோ, தொலைவு லென்ஸ் என்று செலவழிப்பவர்கள் எட்ட நின்றே எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், பாம்புக்கு ஆள் வந்ததே தெரியாது. கைப்போன் அப்படியல்ல. அதன் அகலமான லென்ஸில் நாலடிப் பாம்பும் மண்புழுவாகத் தெரியும். திரையைப் பார்த்துக்கொண்டே ஓர் எட்டு வைப்பீர்கள், இன்னும் சின்னதாகத்தான் இருக்கும், இன்னோர் எட்டு வைப்பீர்கள். திரையில் பாம்பு போதுமான அளவு பெரிதாகும்போது நீங்கள் அதன் எல்லைக்குள் இருப்பீர்கள். நல்லபாம்பு தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு எட்டிக் கொத்தும் என்பதை மனத்தில் வைத்து, செல்ஃபி குச்சியின் நீளத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நல்லபாம்பிடம் உள்ள பெரிய குறை, அது போய்விடப் பார்ப்பது. ஆளைக் கண்டதும் புதருக்கோ எலிவளைக்கோ நழுவும். போகும் பாம்பின் வாலை யார் பார்ப்பார்கள்? ஆகவே வழியை மறியுங்கள். எல்லாப் பக்கமும் அடைத்தபின், வேறு போக்கிடம் இல்லாத நிலையில், அது எழுந்து படத்தை விரிக்கும். உடனே கேமராவைப் பார்த்து, "பாருங்க மக்களே, எவ்ளோ ஆக்ரோஷமா இருக்கு!" என்று சொல்ல மறக்காதீர்கள்.

ஒலி முக்கியம். கண்ணாடி விரியன் குக்கர் விசில் போலச் சீறும். சுருட்டை விரியன் வாயைத் திறக்காமல், உடலை மடிப்பு மடிப்பாகச் சுருட்டிச் செதிலோடு செதிலை உரசியே சரசரக்கும். "கிட்டே வராதே" என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பிராணியும் சொன்னதில்லை. அதை முழுக்க அழித்துவிட்டு மேலே புன்னாகவராளியில் ஒரு மகுடியைப் போடுங்கள். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. அது ஆடுவது ராகத்துக்கு அல்ல, கண்முன் ஆடும் மகுடிக்கு. ஆனால் 1979இல் வந்த ‘நீயா?’ படத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க ஒரு ரீல் போதாது.

கதை வேண்டுமா? அதற்குச் சாரைப்பாம்பு. வயலோரத்தில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு, பாதி உடலைத் தூக்கி நின்று, சரிந்து, மறுபடி எழும். ஊரே கூடிவிடும். ஒரு பெரியவர் "சாரையும் நாகமும் சேருது" என்பார். இன்னொருவர் புது வேட்டியை மேலே போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்பார். நீங்கள் "பாம்புகளின் காதல் நடனம்" என்று தலைப்பிட்டுப் பதிவேற்றிவிட வேண்டும். அங்கே நடப்பது இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். கடிப்பதில்லை, எதிராளியின் தலையைத் தரையோடு அமுக்குவதுதான் ஆட்டம். தோற்றவன் போய்விடுவான். உண்மையில் காதலைவிட இது நல்ல காட்சி. பட்டப்பகலில், ஆள் கூடியதைக்கூடச் சட்டை செய்யாமல், சில நேரம் வெகுநேரம் நீளும். பத்தடி தள்ளி உட்கார்ந்தால் முழுதும் எடுக்கலாம். ஆனால் "இரண்டு ஆண்கள் சண்டை" என்று போட்டால் யார் ஷேர் செய்வார்கள்?

இரவுப் படப்பிடிப்புக்குக் கட்டுவிரியன். இதை ஓநாய்ப் பாம்போடு குழப்பிக்கொள்வது மரபு. கட்டுவிரியனின் வெள்ளைப் பட்டைகள் கழுத்துப் பக்கம் மங்கி, வாலை நோக்கிப் போகப்போகத் தெளியும். ஓநாய்ப் பாம்புக்குத் தலைப்பக்கம் தெளிந்து வால்பக்கம் மங்கும். ஒன்று ஒரு மனிதனைக் கொல்லும், மற்றது பல்லி தின்னும். டார்ச் வெளிச்சத்தில், நண்பர்கள் "எடுடா எடுடா" என்று கத்தும்போது, வால்பக்கமா தலைப்பக்கமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் டேக் போய்விடும். பகலில் கிடைத்தால் இன்னும் விசேஷம். கட்டுவிரியன் பகலில் மந்தமாகச் சுருண்டு, தலையை உடலுக்கடியில் ஒளித்துக்கொள்ளும். "பாவம், சாது" என்று வசனம் பேசலாம். இதே சாதுதான் இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடிக்கிறது; பெரிதாக வலிகூட இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி என்பார், இமை தானாகச் சரியும்.

சிலர் பாம்பு மீட்பர் ஆகப் பார்க்கிறார்கள். அந்தத் துறையில் ஓர் எச்சரிக்கை: முறையாகச் செய்தால் வீடியோ தேறாது. ஒரு கொக்கி, பைக்குள் செருகிய ஒரு பிளாஸ்டிக் குழாய். இருட்டைத் தேடி பாம்பு தானே குழாய்க்குள் போகும், பையின் வாயைக் கட்டுவார்கள், முடிந்தது. கை படவே படாது. ஆகவே வாலைப் பிடித்துத் தூக்கி, பெயர் வைத்து, உச்சியில் முத்தம் கொடுத்து முடிப்பதே ரீல்ஸ் மரபு. 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சாட்சியத்தை நீங்களே பதிவேற்றிவிடுவதால் வனத்துறைக்கு அலைச்சல் மிச்சம்.

பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினரைப் பின்பற்ற வேண்டாம். கலைந்த மண்ணையும் உரித்த சட்டையையும் வளைவாயிலின் வழவழப்பையும் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஒரு ட்விஸ்ட் மிஞ்சாது. 1978இல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்து, நான்கு முறை விஷம் எடுத்து, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் மலைப்பாம்பு பிடிக்க ஃபுளோரிடா போனார்கள். 2023இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். அத்தனை வருடத்தில் ஒரு நல்லபாம்பின் உச்சியிலும் முத்தமிட்டதாகத் தகவல் இல்லை. எப்படி முன்னேறுவார்கள்?

கடைசியாக, கடி. கட்டுப்போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் திரையில் எடுபடும், உடம்பில் எடுபடாது. கடிபட்ட கையை ஆட்டாமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப் போகவும் வேண்டாம். மருந்து ஒன்றுதான், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் அதுவே. நீங்கள் மழையில் தேடிப்போன குழிவிரியனுக்கும், பெரிய பட்ஜெட் கனவான ராஜநாகத்துக்கும் அது செய்யப்பட்டதல்ல. 2024 முதல் தமிழ்நாட்டில் பாம்புக்கடி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். ஆக, வேறு யார் பார்க்காவிட்டாலும் சுகாதாரத் துறையின் அந்த ஒரு வியூ உங்களுக்கு நிச்சயம்.

விரியன் என்று சந்தேகம் வந்தால் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி மேசைமேல் வைப்பார்கள். 20 நிமிடம் யாரும் அதை ஆட்டக் கூடாது. பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள்: உறைந்திருக்கிறதா, தண்ணீராக ஓடுகிறதா? இந்தத் தொழிலில் இதைப் போல ஒரு சஸ்பென்ஸ் காட்சி கிடைக்காது. எடுக்கத்தான் ஆள் இருக்காது. கூட வந்த கேமராத் தம்பி அந்நேரம் வராந்தாவில் நின்று, உங்கள் அப்பாவின் நம்பரைப் போட்டுப் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துக்கொண்டிருப்பான்.