ஒழுக்கவியல்: ஒரு பழைய மோட்டார் சைக்கிளை முன்வைத்து

ஒழுகுதல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. மழை வந்தால் ஓட்டு வீடு ஒழுகும்; சான்றோர் நெறிப்படி ஒழுகுவர். இரண்டாவது பொருளை ஒட்டி ஒழுக்கம் பற்றி நூல் நூலாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். முதலாவது கேட்பாரற்றுக் கிடக்கிறது. முன்னோர் காலத்தில் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் இல்லாததே இதற்குக் காரணம் என்பது என் துணிபு. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

கருதுகோள் இதுதான்: பழைய பிரிட்டிஷ் வண்டியை வீட்டிலேயே பிரித்து, கழுவி, பூட்டி முடித்த பிறகு அதிலிருந்து விழும் எண்ணெய் பழுதன்று. அது வண்டியின் ஒழுக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 1950களில் இங்கிலாந்தில் செய்த ஒற்றை சிலிண்டர் வண்டி. பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துப் பெண்கள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லாததற்கு என்ன காரணமோ, அதே காரணம். வண்டியின் பாதி உருட்டிக்கொண்டும், மீதி இரண்டு சாக்குமூட்டைகளிலும் வந்து சேர்ந்தது.

ஆய்வுக் களம், வாசலை ஒட்டிய சிமென்ட் தரை. முறை எளியது. இரவு படுக்கும் முன் எஞ்சினுக்கு அடியில் ஒரு நாளிதழை விரிக்க வேண்டும். காலையில் எடுத்து, விழுந்த புள்ளிகளை எண்ண வேண்டும். புள்ளிவிவரம் என்ற சொல் இத்தனை நேர்ப்பொருளில் வேறெங்கும் வழங்கியிருக்காது. ஞாயிறு இணைப்பு வழவழப்பான தாள் என்பதால் எண்ணெய் ஊறாமல் பரவிப் புள்ளிகள் கலந்துவிடுகின்றன. அந்நாள் தரவுகள் தள்ளப்பட்டன. ராசிபலன் பக்கத்தை விரித்தால் மகரத்தின் மேலேயே விழுவது தனி ஆய்வுக்குரியது. (என் ராசி மகரம்.)

ஒழுக்கத்தின் படிநிலைகள் நான்கு. துடைத்தால் மறைந்து, மாலையில் மறுபடி மினுங்குவது வேர்த்தல். “லேசா வேர்க்குது சார், அவ்வளவுதான்” என்று மெக்கானிக் சொல்வது இதை. அடுத்தது கசிதல், இச்சொல்லை நெஞ்சுக்கும் சொல்வதால் இந்நிலையில் வண்டியின் மேல் சற்றே மரியாதை பிறக்கிறது. மூன்றாவது சொட்டல், நான்காவது ஒழுகல். ‘ஊத்துது’ என்று ஐந்தாவதாக ஒன்றை என் மனைவி முன்மொழிகிறார். உயர்வு நவிற்சி என்று அதை நீக்கினேன்.

இனிக் காரணம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் எஞ்சின்களின் அடிக்கூடான கிராங்க்கேஸ் பெரும்பாலும் இடம் வலமாக இரண்டு பாதிகள். இரட்டைக் கதவு சாத்தியதுபோல நடுவே செங்குத்தாக ஓர் இணைப்பு. எண்ணெய் இறங்கிச் சேரும் அடிப்பகுதி வரைக்கும் அந்த இணைப்பு நீள்கிறது. அடியில் கீறல் விட்ட பானையில் எண்ணெய் ஊற்றி வைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஜப்பானியர்கள் பல எஞ்சின்களைக் கிடைமட்டமாகப் பிரித்தார்கள்: சம்புடம் மாதிரி, கீழே பாத்திரம், மேலே மூடி. 1969இல் வந்த ஹோண்டா சிபி750 அந்த வகை. சம்புடத்திலிருந்து எதுவும் ஒழுகாது; ஆகவே அதைப் பற்றிக் கட்டுரையும் எழுத முடியாது.

அடுத்து மூச்சு. பிஸ்டன் கீழே இறங்கும்போது கிராங்க்கேஸில் இருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. அது வெளியேற ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அது அடைத்துக்கொண்டால் காற்று வேறு வழி பார்க்கும். போகும்போது எண்ணெயையும் கூட்டிக்கொண்டு போகும். எட்வர்ட் டர்னர் வடிவமைத்து, ட்ரையம்ஃப் நிறுவனம் 1937இல் வெளியிட்ட ஸ்பீட் ட்வினில் இரண்டு பிஸ்டன்கள், இரண்டும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். ஒருவர் பெருமூச்சு விடும் வீட்டில் இருவர் சேர்ந்து விட்டால் கதவு ஜன்னல் என்ன பாடுபடும் என்று யோசிக்கலாம்.

ஓடாமல் நிற்கும் வண்டி ஏன் ஒழுக வேண்டும்? எண்ணெய்க்குத் தனித் தொட்டி வைத்த எஞ்சின்களில் தொட்டி மேலே, எஞ்சின் கீழே. நடுவில் இருக்கும் பம்ப் தேய்ந்திருந்தால், எண்ணெய் இரவெல்லாம் அதைத் தாண்டி மெல்லக் கீழிறங்கி அடியில் தேங்கும். இணைப்புகளின் பொறுமை அங்கே சோதிக்கப்படுகிறது. நாம் தூங்கும்போதும் நெறி தவறாமல் ஒழுகுவது என்றால் இதுதான்.

இறுக்கினால் நிற்காதா என்று கேட்கலாம். எதை வைத்து இறுக்குவது? ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த மரை 55 பாகைக் கோணம் கொண்டது. அவர் பெயரால் வழங்கும் ஸ்பேனரின் எண் போல்ட் தண்டின் கனத்தைச் சொல்லும், தலையின் அகலத்தை அல்ல. கால் அங்குல ஸ்பேனரின் வாய் ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர். நம் வீட்டு 13 அந்த போல்ட் தலையில் ஏறாது. 14 ஏறி, வழுக்கி, மூலைகளை மழித்துவிட்டு இறங்கும். 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புண்ணியத்தில் பிரிட்டிஷ் எஞ்சின் பார்த்த கைகள் சென்னையில் உண்டு. எங்கள் மெக்கானிக் அண்ணன் தன் மேஸ்திரியிடமிருந்து வந்த விட்வொர்த் ஸ்பேனர்களைத் துணியில் சுற்றி, விபூதி வைத்துப் பாதுகாக்கிறார். இரவல் கேட்டேன். “வீட்டையே கேளுங்க சார், தரேன்” என்றார்.

இத்துறையில் இரண்டு பள்ளிகள். இறுக்குவாதிகளின் தலைவர் என் மாமனார். “மாப்பிள்ளை, இன்னும் அரைச் சுத்து வைங்க” என்றார். வைத்தேன். அலுமினியத்தில் மரை கழன்றது. வண்டிக்கா, வண்டிக்காரனுக்கா என்ற விவாதம் அன்றிரவு உணவின்போது நடந்தது. மற்றவர்கள் தட்டேந்திகள்: கீழே ஒரு தட்டை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள். எங்கள் வீட்டில் வடாம் காய வைக்கும் தட்டு அந்தப் பள்ளியைச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது.

என் கருதுகோளுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. எஞ்சின் பக்கவாட்டு மூடியான டைமிங் கவருக்கு, கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கெட் கிடைக்கவில்லை. ஜி.பி. ரோட்டில் ஏறி இறங்கினேன். புதுப்பேட்டையில் கேட்டதற்குச் சிரித்தார்கள். கவரின் விளிம்பில் தாளை வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் விளிம்பே தாளை வெட்டிக் கொடுக்கும் என்பது பழைய வித்தை. தாள் கனமாகவும் வேண்டும், மிருதுவாகவும் வேண்டும். மேசைமேல் மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. விரல் வைத்துப் பார்த்தேன், அதே பதம். தட்டினேன், கிரீஸ் தடவினேன், பூட்டினேன். மறுநாள் நாளிதழின் அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது. அடுத்த நாளும். மூன்று வாரமாக அங்கே வேர்வைகூட இல்லை.

நேற்று மாலை மனைவி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார். “என்னங்க, எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் பொண்ணு பத்திரிகை எங்க? வர்ற வியாழக்கிழமை. மண்டபம் எதுன்னு பார்க்கணும்.” தாம்பூலத் தட்டோடு நேரில் வந்து வைத்துவிட்டுப் போன பத்திரிகை. போன் போட்டுக் கேட்டால், தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று நினைப்பார்கள். பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் நடுத்துண்டோடு குப்பை வண்டியில் போய்விட்டன. மண்டபம் கீழ் ஓரத்தில் அச்சாகியிருந்தது. அந்த ஓரம்தான் இப்போது கேஸ்கெட்.

ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். கவரைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. வியாழனுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.